அடைப்பை எடுங்கள், தள்ளாதீர்கள்

ஐடிஐயில் பிளம்பர் பயிற்சி முடித்து வரும் இளைஞர்களில் பலர் ஷவர் பொருத்தவும் மோட்டார் லைன் இழுக்கவும் ஆசையாகக் கிளம்புவார்கள். டாய்லெட் அடைப்பு என்று போன் வந்தால் மட்டும் "அதுக்கு வேற ஆளு இருக்காங்க சார்" என்று நழுவிவிடுவார்கள். அந்த வேறு ஆள் யார், ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரும் பெரும்பாலும் கையுறை இல்லாமல்தான் வருவார். இந்த வழக்கம் இத்தோடு ஒழிய வேண்டும். தகுந்த கருவியோடும் தெளிவோடும் செய்தால் டாய்லெட் அடைப்பு எடுப்பதும் மற்ற பிளம்பிங் வேலைகளைப் போல ஒரு தொழில்நுட்ப வேலை. நேர்த்தியாகச் செய்பவர்கள் குறைவாக இருப்பதால், கற்றுக்கொண்டவருக்கு மரியாதையும் கிடைக்கும், கூலியும் கிடைக்கும்.

வேலையின் அடிப்படை ஒன்றுதான். போகக் கூடாத பொருள் உள்ளே போய் அடைத்திருந்தால் அதை வெளியே எடுக்க வேண்டும். அழுத்தித் தள்ளினால் தண்ணீர் இறங்கிவிடும், வீட்டுக்காரரும் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். ஆனால் அந்தப் பொருள் அடுத்த வளைவிலோ, வாசலில் இருக்கும் சேம்பரிலோ, தெருவின் பாதாளச் சாக்கடையிலோ போய் உட்கார்ந்திருக்கும். அங்கே அதை எடுக்க வேறொரு மனிதர் உயிரைப் பணயம் வைக்க நேரும். இதை மனதில் வைத்துக்கொண்டு பையைத் தூக்குங்கள்.

வேலை போனிலேயே தொடங்கிவிடுகிறது. "தம்பி, ஃப்ளஷ் பண்ணா தண்ணி மேல மேல வருதுப்பா, சீக்கிரம் வா" என்று ஓர் அம்மா பதறுவார். முதலில் அவருடைய பதற்றத்தைக் குறையுங்கள். "இனிமே ஃப்ளஷ் அழுத்தாதீங்கம்மா. டேங்குக்குக் கீழே சுவரோரமா ஒரு சின்ன டேப் இருக்கும், அதை வலது பக்கமா திருகி மூடிடுங்க" என்று சொல்லுங்கள். அதுதான் ஆங்கிள் காக். டேங்க் சுவருக்குள் மறைந்திருக்கும் வகை என்றால், ஃப்ளஷ் தட்டைக் கழற்றினால்தான் வால்வு கைக்குக் கிடைக்கும். அதை நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கேள்விதான் உங்கள் கண்ணைக் காப்பாற்றும்: "ஆசிட், பவுடர் ஏதாவது ஊத்தினீங்களாம்மா?" அடைத்துக்கொண்டதும் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிப் பார்க்காத வீடு அபூர்வம். அது தெரியாமல் ரப்பர் பம்ப்பை வைத்து அழுத்தினால் ஆசிட் கலந்த தண்ணீர் நேராக முகத்தில் தெறிக்கும்.

மூன்றாவது கேள்வியைப் பக்குவமாகக் கேட்க வேண்டும். "உள்ளே என்ன போட்டீங்க?" என்று கேட்டால் எந்த வீட்டிலும் "ஒண்ணும் போடலையே" என்றுதான் பதில் வரும். "வீட்ல குழந்தை இருக்கா? விருந்தாளி யாராவது வந்துட்டுப் போனாங்களா? டாய்லெட்டுக்குள்ள மாட்டி வைக்கிற வாசனைக் கட்டி இருந்துச்சா, இப்ப காணோமா?" என்று கேளுங்கள். உண்மை தானாக வெளியே வரும். பொம்மை, டூத் பிரஷ், வாசனைக் கட்டியின் பிளாஸ்டிக் கூடு, ஷாம்பு பாக்கெட், ஈரத் துடைப்பான் என்கிற வெட் வைப்ஸ், டயப்பர், நாப்கின் என்று அடைப்பவை பல. எது என்று முன்பே தெரிந்தால் எந்தக் கருவியை முதலில் எடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

புது வீடாக இருந்தால் குடியிருப்பவர்களைக் கேட்டு லாபமில்லை, கட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். வேலை நடக்கும்போது குப்பை விழாமலிருக்கக் குழாயின் வாயில் சிமெண்ட் சாக்கை அடைத்து வைப்பார்கள். அதை எடுக்க மறந்து மேலேயே க்ளோசெட்டைப் பொருத்திவிடுவதும் உண்டு. டைல்ஸ் வேலையின்போது கழுவி ஊற்றிய சிமெண்ட் பால் குழாய்க்குள் கெட்டியாகிக் கிடப்பதும் உண்டு. குடிவந்த சில நாட்களிலேயே அடைப்பு என்றால் என் சந்தேகம் முதலில் இந்தப் பக்கம்தான் போகும்.

வீட்டுக்குப் போனதும் கருவிப் பையைத் திறக்காதீர்கள். முதலில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள். அந்த டாய்லெட் மட்டும் நிற்கிறது, பக்கத்தில் பாத்ரூம் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது என்றால் அடைப்பு க்ளோசெட்டின் வளைவிலோ அதை ஒட்டியோ இருக்கும். டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றும்போது பாத்ரூம் தரையின் நானி டிராப்பில் குமிழி விட்டுக் குளுகுளுவென்று சத்தம் வந்தால், இரண்டும் சேரும் பொது லைனில் அடைப்பு. வீட்டுக்கு வீடு இணைப்பு மாறும் என்பதால் எது எதோடு சேர்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் ஃப்ளஷ் செய்தால் தரைத்தளத்து டாய்லெட்டில் தண்ணீர் ஏறுகிறதா? அப்படியானால் கீழே மெயின் லைன் நிற்கிறது. இதற்குப் பிறகு வாசலுக்குப் போய் சேம்பர் மூடியைக் கம்பியால் நெம்பித் தள்ளிவைத்துப் பாருங்கள். வெளியே நின்று பார்த்தால் போதும். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் இருக்கிறது. நிரம்பி நின்றால் சேம்பரைத் தாண்டி இருக்கிறது. அப்போது வீட்டுக்குள் எவ்வளவு பம்ப் அடித்தாலும் பயனில்லை. இதைச் செய்யாமல் நேராக க்ளோசெட்டைக் கழற்ற உட்காருகிறவர்கள் அரைநாளை வீணாக்கி, வீட்டுக்காரருடைய நம்பிக்கையையும் இழக்கிறார்கள்.

வளைவுக்குள் என்ன நடக்கிறது

க்ளோசெட்டின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பொதுவாக 50 மில்லிமீட்டர் ஆழம் கொண்ட அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 1775ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற எஸ் வடிவ வளைவின் வழித்தோன்றல்தான் இன்று நாம் பொருத்தும் எஸ் டிராப்பும் பி டிராப்பும். க்ளோசெட்டுக்குள் இருக்கும் இந்த வழி, அதன் பின்னால் போகும் 4 அங்குலக் குழாயைவிடக் குறுகலானது. மலமும் தண்ணீரும் வளைந்து நெளிந்து போய்விடும். வளையாத பிளாஸ்டிக் குறுக்கே நின்றுவிடும், அதன் மேல் மற்றதெல்லாம் வந்து படியும்.

நாப்கினும் டயப்பரும் வேறு வகைத் தொல்லை. இவற்றுக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சும் பொருள் இருக்கிறது. தண்ணீரைக் கண்டால் அது தன் எடையைப் போலப் பல மடங்கு உறிஞ்சி ஊதும். கையில் மெல்லியதாக இருந்த நாப்கின் வளைவுக்குள் போய் நிற்கும்போது குழாயின் அளவுக்குப் புடைத்திருக்கும். பின்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டும் பசை வேறு. வெட் வைப்ஸில் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை கலந்திருந்தால் அது டிஷ்யூ பேப்பரைப் போலத் தண்ணீரில் கரையாது. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகிவிடும். லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 2017ஆம் ஆண்டு 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் எடையில் கெட்டியாகக் கிடந்த அடைப்பு, இப்படிப்பட்ட துடைப்பான்களும் சமையல் கொழுப்பும் சேர்ந்து இறுகியதுதான். ஃப்ளஷ் செய்யலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் அதை நம்ப வேண்டாம் என்றே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

அடைப்பவை இப்படிப்பட்டவை என்பதால்தான் ஆசிட் இங்கே உதவாது. பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; உப்புக்கறையைக் கரைக்கும். அடைப்பு நீக்கும் பவுடரில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா; எண்ணெய்ப் பிசுக்கையும் முடியையும் அரிக்கும். பாலித்தீன் தாளை இரண்டுமே ஒன்றும் செய்யாது. ஒன்றின் மேல் மற்றதை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்; கதவு மூடிய சின்னக் கழிப்பறைக்குள் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தால் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, தேங்கிய தண்ணீரைப் பிளாஸ்டிக் மக்கால் கவனமாக மொண்டு வாளியில் எடுத்துவிட்டு, அதன்பிறகே வேலையைத் தொடங்குங்கள். கொதிக்கும் வெந்நீரையும் ஊற்ற வேண்டாம். பீங்கான் விரிசல் விட்டால் புது க்ளோசெட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கையில் எடுக்க வேண்டியவை

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், கால் விரல்களை மூடும் பூட்ஸ் ஆகியவை எப்போதும் பையில் இருக்கட்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ, டைபாய்டு தடுப்பூசி பற்றியும் ஒரு டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செலவைத் தொழில் முதலீடாகக் கணக்கில் எழுதுங்கள்.

காகிதமோ மலமோ கெட்டியாகி நிற்கிறது என்றால் ரப்பர் பம்ப் போதும். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கென்று, கீழே இன்னொரு உதடு நீண்டிருக்கும் பம்ப்பை வாங்குங்கள். சமையலறை சிங்க்குக்கு வைத்திருக்கும் தட்டையான பம்ப் இதன் வாயில் சரியாக உட்காராது. ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும். முதல் அழுத்தம் மெதுவாக, உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்படி. அதன்பிறகு பலமெல்லாம் மேலே இழுப்பதில் இருக்க வேண்டும். இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சலில்தான் பொருள் இளகித் திரும்பி வரும். உள்ளே இருப்பது பொம்மை, பிரஷ், பிளாஸ்டிக் கூடு என்று தெரிந்தால் பம்ப்பைத் தொடவே தொடாதீர்கள். கம்பின் நுனியில் கோணிச் சாக்கைக் கட்டிக் குத்துகிற பழைய முறையும், மூங்கில் பிளாச்சை விட்டு இடிப்பதும் பொருளை இன்னும் ஆழத்துக்குத்தான் தள்ளும்.

இந்த வேலைக்கென்றே உள்ள கருவி க்ளோசெட் ஆகர். கைப்பிடி, ஒரு குழாய், அதற்குள் ஓடும் ஸ்பிரிங் கம்பி, நுனியில் கொக்கி, இவ்வளவுதான். குழாயின் வளைந்த முனையில் ரப்பர் உறை இருக்கும், அதனால் பீங்கானில் கீறல் விழாது. துணி மாட்டும் கம்பியை நீட்டி விடுகிறவர்கள் இந்தக் கீறலைத்தான் பரிசாக விட்டுப் போகிறார்கள். பிறகு அந்தக் கீறலில் கறை ஏறி ஆயுளுக்கும் போகாது.

கம்பியை உள்ளே விட்டுக் கைப்பிடியை வலப்புறமாக மெதுவாகச் சுற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதை இனி கை சொல்லும். வளைவின் சுவரில் இடித்தால் உறுதியாக முட்டும். கொஞ்சம் சுழற்றியதும் வழுக்கி மேலே போகும். கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் டக் டக் என்று தட்டும். துணி, நாப்கின் என்றால் தட்டல் இருக்காது; சுற்றச் சுற்ற இறுகும், கைப்பிடி கனக்கும். அந்தக் கனம் தெரிந்ததும் முன்னே தள்ளுவதை நிறுத்திவிடுங்கள். இன்னும் இரண்டு மூன்று சுற்று சுற்றி நன்றாகப் பின்னிக்கொள்ள விட்டு, சுற்றும் திசையை மாற்றாமல் நிதானமாகப் பின்னுக்கு இழுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் கொக்கி பிடியை விட்டுவிடும். வெளியே வருவது பெரும்பாலும் கிழிந்து வரும். மேல் துணி கம்பியில் சுற்றியிருக்க, உள்ளிருந்து வேகவைத்த ஜவ்வரிசி போலக் கூழ் மணிகள் கோப்பைக்குள் சரியும். அவற்றைத் தண்ணீர் விட்டு அனுப்பாமல் மொண்டு வாளியில் போடுங்கள். பிளாஸ்டிக் பின்தாள் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அது இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி கம்பியை விடுங்கள்.

தண்ணீர் இறங்கியதும் கருவியை மடக்குவது பலரிடம் உள்ள பழக்கம். துணியின் ஓரமாக வழி கிடைத்தாலும் தண்ணீர் இறங்கும், மலம் இறங்காது. ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பாருங்கள். அடுத்து, கரையக்கூடிய டிஷ்யூ பேப்பர் கொஞ்சத்தைப் போட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். அது முழுதாகச் சுழன்று ஒரே மூச்சில் போனால் வழி திறந்திருக்கிறது. சுற்றிச் சுற்றி நின்று போனால் ஏதோ மிச்சம் இருக்கிறது.

ஆகருக்கும் அசையாத பொருளுக்கு க்ளோசெட்டைக் கழற்றத்தான் வேண்டும். தொடங்கும் முன் வீட்டுக்காரரின் சம்மதத்தை வாங்கி, ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தரையில் நிற்கும் க்ளோசெட் வெள்ளை சிமெண்டாலோ சிலிக்கானாலோ ஒட்டியிருக்கும். மெல்லிய பிளேடால் சுற்றிலும் அறுத்துவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். சுத்தியலால் தட்டிப் பெயர்க்க வேண்டாம். சுவரில் தொங்கும் வகைக்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். கழற்றியதைப் பழைய போர்வை மேல் சாய்த்து, பின்வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்துக்குப் பொருள் நெருக்கமோ அந்தப் பக்கமாகவே வெளியே எடுங்கள். திறந்து கிடக்கும் குழாய் வாயை ஒரு துணியால் மூடுங்கள், அந்தத் துணியின் நுனி வெளியே தொங்கட்டும். திரும்பப் பொருத்தும்போது பான் கனெக்டரின் ரப்பர் தேய்ந்திருந்தால் புதியது போட்டுவிடுங்கள்.

அடைப்பு லைனில் இருந்தால் வேலை சுலபமாவதும் கடினமாவதும் முதலில் குழாய் போட்டவரின் கையில் இருக்கிறது. வளைவு தோறும் டோர் பெண்ட் வைத்திருந்தால் அதன் மூடியைத் திறந்து நீள ஸ்பிரிங்கை விட்டு இழுத்துவிடலாம். காசை மிச்சப்படுத்த மூடியில்லாத பெண்ட் போட்டிருந்தால் குழாயை அறுக்க வேண்டியதுதான். நீங்கள் புது லைன் போடும் நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே 90 டிகிரி வளைவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவு, திருப்பம் தோறும் திறக்கும் மூடி.

பேச்சும் கூலியும்

வெளியே வந்த பொருளை வீட்டுக்காரர் முன்னால் தூக்கிக் காட்டி "பாருங்க, இதான்" என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. நாப்கினாக இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது பெரிய சங்கடம். அதைப் படமெடுத்துக் குழுக்களில் போடுகிறவர்கள் இந்தத் தொழிலுக்கே தகுதியற்றவர்கள். செய்தித்தாளில் சுற்றி, உறையில் கட்டி, தொட்டியில் போட்டுவிட்டு, "அக்கா, பாத்ரூமுக்குள்ள மூடி போட்ட சின்னக் குப்பைத் தொட்டி ஒண்ணு வைங்க, இந்தத் தொல்லை திரும்ப வராது" என்று சொன்னால் போதும். விஷயம் புரிந்துவிடும். நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருக்கின்றன. அலுவலகம், ஹாஸ்டல், பெண்கள் விடுதி என்றால் இந்தப் பேச்சை நிர்வாகியிடம் கொஞ்சம் உறுதியாகவே பேசுங்கள். கழிப்பறைக்குள் தொட்டி வைக்காமல் "போடாதீர்கள்" என்று சுவரில் ஒட்டி வைப்பதில் நியாயமில்லை. அந்தப் பெண்கள் அதை எங்கேதான் கொண்டுபோவார்கள்?

கூலியை வேலைக்கு முன்பே மூன்று படியாகச் சொல்லிவிடுங்கள்: ஆகரில் முடிந்தால் இவ்வளவு, லைனில் ஸ்பிரிங் விட வேண்டுமானால் இவ்வளவு, க்ளோசெட்டைக் கழற்றினால் இவ்வளவு. தொகை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் நாற்றமுள்ள வேலை என்பதற்காகக் குறைத்துக் கொடுக்க வருகிறவரிடம் இறங்கிப் போக வேண்டாம். டீ, தண்ணீர் கொடுக்கும்போது தனி டம்ளர் நீட்டினால், வேலைக்கு வந்திருக்கிறேன், மரியாதையோடு நடத்துங்கள் என்று சொல்வதற்கும் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துப் பட்டமுண்டைப் பகுதியிலிருந்து நாடெங்கும் பிளம்பர்கள் போகிறார்கள். அங்கே பிளம்பிங் பயிற்சிக்கென்றே ஓர் அரசு நிறுவனம் நடக்கிறது. தொழிலை முழுமையாகக் கற்றவருக்கு வேலை தேடி வரும் என்பதை அந்த ஊர் காட்டுகிறது.

இனி, நீங்கள் தாண்டக் கூடாத எல்லை. சேம்பர் நிரம்பி நிற்கிறது, செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்றால் உங்கள் வேலை அங்கே முடிகிறது. "ஒரு நிமிஷம் இறங்கி எடுத்துக் கொடுத்துடு தம்பி, கூடக் கொஞ்சம் போட்டுத் தர்றேன்" என்பார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும்; பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதென்று நினைத்து இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

எவ்வளவு காசு நீட்டினாலும் இறங்காதீர்கள், உங்கள் உதவியாளரையும் இறக்காதீர்கள். மூடியை இறுக மூடிவிட்டு, செப்டிக் டேங்க் லாரிக்கு 14420 என்ற எண்ணை வீட்டுக்காரரையே அழைக்கச் சொல்லுங்கள். லாரி வரும்வரை அந்த மூடியின் பக்கம் குழந்தைகள் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.